பழைய இல்லங்களின் வாசலில்: நெதர்லாந்தில் ஐந்து நாள்

முதல் நாள், செவ்வாய் – ஆம்ஸ்டர்டாம்

மகள் உத்ரெக்ட்டில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. "வாம்மா, வாம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இந்த அக்டோபரில்தான் கிளம்ப முடிந்தது. வந்து இறங்கி உடம்பு ஒரு நிலைக்கு வந்ததும், "எங்கே போகலாம், சொல்லு. காற்றாலையா, படகா, சீஸ் சந்தையா?" என்று கேட்டாள். பெற்றோர் இல்லாத பிள்ளைகளை வளர்த்த பழைய காலத்து இல்லம் ஏதாவது இருந்தால் பார்க்கணும் என்றேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை. வார்டன் மகளாக வளர்ந்தவள் அல்லவா.

திண்டுக்கல் பக்கம் ஓர் இல்லத்தில் இருபத்தாறு வருஷம் வார்டனாக இருந்தேன். ஓய்வு பெற்றாலும் கண்ணுக்கு ஓய்வில்லை. எந்தப் பெரிய கட்டடத்துக்குள் போனாலும், இங்கே எத்தனை பாய் விரிக்கலாம், எத்தனை குழாய் இருக்கிறது, ராத்திரி ஒரு பிள்ளை பயந்து எழுந்தால் யார் காதில் விழும் என்று தானாகவே கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

முதலில் ஆம்ஸ்டர்டாம். கால்வர்ஸ்ட்ராட் என்பது நம்ம ரங்கநாதன் தெரு மாதிரி நெரிசலான கடைத்தெரு. செருப்புக் கடைக்கும் துணிக் கடைக்கும் நடுவே ஒரு கல் வாசல். மேலே 1581 என்று பொறித்திருக்கிறது. அதற்குமேல் பிள்ளைகள் கூட்டமாக இருக்கும் புடைப்புச் சிற்பம், பிள்ளைகளுக்குச் சிவப்பும் கறுப்புமாக உடை. இதுதான் பூர்கர்வேஸ்ஹாய்ஸின் வாசல், அதாவது நகரக் குடிமக்களின் பிள்ளைகளுக்கான இல்லம். 'வேஸ்' என்றால் பெற்றோரை இழந்த பிள்ளை, 'ஹாய்ஸ்' என்றால் வீடு.

இல்லம் இதைவிடப் பழையது. 1520-களில், ஹாஸ்ய க்ளாஸ் என்ற பெண்மணியின் கொடையில் இதே தெருவில் ஆரம்பித்தார்கள். 1578-இல் நகரம் புராட்டஸ்டன்ட் கைக்கு மாறியதும் கத்தோலிக்க மடங்கள் காலியாயின. அப்படிக் காலியான செயின்ட் லூசியா கன்னியர் மடத்துக்கு 1580-இல் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். 1960 வரை அங்கேதான் இருந்தார்கள், 380 வருஷம்.

வாசலில் நான்கு வரிப் பாட்டு ஒன்று உண்டு. டச்சுக் கவிஞர் ஃபொண்டல் எழுதியது என்கிறார்கள். மகள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: நாங்கள் எண்ணிக்கையிலும் சுமையிலும் பெருகிக்கொண்டே போகிறோம், எங்கள் இரண்டாம் தகப்பன்மார் புலம்புகிறார்கள், கொஞ்சம் தாங்கிக்கொடுக்காமல் இந்த வாசலைத் தாண்டாதீர்கள். பிள்ளைகள் வாயால் பிள்ளைகளையே சுமை என்று சொல்ல வைத்த பாட்டு. நிதி கேட்கப் போகிற இடத்தில் நானும் இப்படிப் பேசியிருக்கிறேன், பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே. அந்த வாசலில் நின்றபோது அது உறுத்தியது.

உடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவப்பும் கறுப்பும் ஆம்ஸ்டர்டாம் நகரின் நிறங்கள். உடையை நடுவில் செங்குத்தாகப் பிரித்து, ஒரு பாதி சிவப்பு, ஒரு பாதி கறுப்பு. தெருவில் எந்த மூலையில் நின்றாலும் இது இல்லத்துப் பிள்ளை என்று தெரியும். ஓடிப்போக முடியாது, மதுக்கடைப் பக்கம் ஒதுங்க முடியாது. ஊர் முழுக்கக் கண்காணிக்கும். அதே உடைதான், எங்கள் நகரத்துப் பிள்ளை என்ற பெருமையும். இந்த வழக்கம் 1919 வரை நீடித்தது.

உள்ளே போக முடியவில்லை. ஆம்ஸ்டர்டாம் நகர அருங்காட்சியகம் 1975-இலிருந்து இந்தக் கட்டடத்தில் இருந்தது. இப்போது புதுப்பிப்பு வேலை நடப்பதால் வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். மகள் முன்பு ஒரு தடவை உள்ளே போயிருக்கிறாள். அப்போது எடுத்த படத்தைத் தெருவிலேயே நின்று ஃபோனில் காட்டினாள். பையன்கள் முற்றத்தின் சுவர் நெடுக, வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன மர அலமாரிகள். தச்சுவேலை, தையல்வேலை என்று வெளியே தொழில் கற்கப் போன பையன்கள் தங்கள் சாமான்களை வைத்துக்கொள்ள ஆளுக்கு ஒன்று. விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு சாண் அகலம் இருந்தாலும் அது அவனுடையது.

எங்கள் இல்லத்தில் தகர டிரங்குப் பெட்டி. சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு குளிக்கக்கூடப் போவார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கும்? ஒரு பம்பரம், ஒரு ஃபோட்டோ, காய்ந்துபோன பூ. அந்தப் பெட்டிகள் எங்கள் இல்லத்துக்கு எப்படி வந்தன என்பது தனிக் கதை. அதைச் சொல்ல இன்னும் மனசு வரவில்லை.

இரண்டாம் நாள், புதன் – க்யூலம்போர்க்

உத்ரெக்ட்டிலிருந்து ரயிலில் கால் மணி நேரம். லெக் ஆற்றின் மேல் நீண்ட இரும்புப் பாலம் வருகிறது. 1868-இல் முதலில் கட்டியபோது அதன் பெரிய வளைவு 154 மீட்டர், ஐரோப்பாவிலேயே நீளம் என்று பேர் வாங்கியதாம். பாலம் முடிந்ததும் ஊர். 1318-இல் நகர உரிமை பெற்ற ஊர். நீளவாக்கில் ஒரு சந்தைத் திடல், அதன் ஒரு முனையில் பழைய நகர மன்றம். கடைக்காரர்கள் மழைக்கு முன்னால் மேஜைகளை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

பார்க்க வந்தது ஹேரன்ஸ்ட்ராட்டில் இருக்கும் எலிசபெத் இல்லத்தை. கட்டடத்துக்குள் போவதற்கு முன்னால் அந்த அம்மாளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எலிசபெத் 1475-இல் பிறந்தவர், இந்த ஊரின் ஆட்சிக்கு வாரிசு. இரண்டு முறை திருமணம். முதல் கணவர் 1508-இல் இறந்தார். இரண்டாவது கணவர் அந்துவான் த லலாங், ஹாலந்துக்கும் ஸேலாந்துக்கும் அரசப் பிரதிநிதியாக இருந்தவர். அவரும் 1540-இல் போய்விட்டார். நெதர்லாந்துப் பகுதிகளை ஆண்ட ஆஸ்திரியா மார்கரெட்டின் அரண்மனையில் எலிசபெத்துக்குப் பெரிய இடம். பணம், நிலம், பட்டம் எல்லாம் இருந்தது, பிள்ளை இல்லை. சந்தைத் திடலில் நான் பார்த்த நகர மன்றமும் அவர் காலத்தில், 1530-களில் எழுந்ததுதான். 1555-இல், எண்பது வயதில் கண்மூடினார். ஆட்சி உறவுமுறைப் பேரன் ஃப்ளோரிஸ் கைக்குப் போனது. எலிசபெத் விட்டுச்சென்ற பணத்தில், உயிலை நிறைவேற்றும் பொறுப்பிலிருந்தவர்கள் பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு வீடு கட்டினார்கள். 1560-இல் பிள்ளைகள் குடியேறினார்கள்.

இந்த இல்லத்தின் விசேஷமே அந்த 'கட்டினார்கள்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் மற்ற ஊர்களில் இருந்த வீட்டையோ, சத்திரத்தையோ, காலியான மடத்தையோ பிள்ளைகளுக்கு ஒதுக்குவார்கள். ஆம்ஸ்டர்டாமிலும் அப்படித்தான் நடந்தது. இங்கே அஸ்திவாரம் தோண்டும்போதே இது பிள்ளைகளுக்கு என்று தீர்மானித்துத் தோண்டியிருக்கிறார்கள். நெதர்லாந்தில் இப்படி எழுந்த முதல் கட்டடங்களில் ஒன்று. பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் இல்லம் ஒரு பழைய நெல் கிடங்கில் இருந்தது. ஜன்னலெல்லாம் தலைக்கு மேலே. பிள்ளைகள் வெளியே பார்க்க வேண்டும் என்றால் ஒருத்தர் முதுகில் ஒருத்தர் ஏறுவார்கள். நெல்லுக்குக் காற்றுப் போனால் போதும், தெருவில் யார் போகிறார்கள் என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. அதனால் இந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் ஜன்னல் பக்கம் போய் நின்று பார்த்தேன். உயரத்தில் நான் ஒரு பத்து வயதுப் பிள்ளைதான். வெளியே மரம் தெரிந்தது, ஈரச் செங்கல் தெரிந்தது, ஒரு பூனை மதிலோரமாக நடந்து போவது தெரிந்தது.

இப்போது இங்கே அருங்காட்சியகமும் ஊர் நூலகமும் இருக்கின்றன. அருங்காட்சியகத்தில் தன்னார்வலராக ஒரு வயதான அம்மா இருந்தார். நான் என்ன வேலை பார்த்தேன் என்று மகள் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் பெரியப்பா இந்த வீட்டில் வளர்ந்தவர் என்றார். 1952 வரை இங்கே பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள். ஏறத்தாழ நானூறு வருஷம்.

"அவர் இந்த வீட்டைப் பற்றி என்ன சொல்வார்?" என்று கேட்கச் சொன்னேன்.

அந்த அம்மா யோசித்தார். "பெரிதாக ஒன்றும் பேசமாட்டார். ஆனால் சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் உட்காரும்வரை கரண்டியைத் தொடமாட்டார், சாகும்வரை."

இதை மகள் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பிள்ளைகள் கல்யாணமாகி, பேரன் பேத்தி எடுத்த பிறகும் அப்படித்தான். பந்தியில் உட்கார்ந்தாலும் கடைசி இலைக்குச் சோறு விழுந்ததா என்று கண் தேடும்.

நிர்வாகம் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். டச்சு இல்லங்களில் மேலே 'ரேகென்ட்' என்ற அறங்காவலர்கள், ஊர்ப் பெரிய மனிதர்கள், சம்பளம் கிடையாது. கணக்கு, நிலம், குத்தகை எல்லாம் அவர்கள் பொறுப்பு. பெரிய ஊர்களில் சமையல், துணி, பெண்பிள்ளைகள் விஷயத்துக்கு அவர்கள் வீட்டுப் பெண்மணிகள் 'ரேகென்டெஸ்' என்று தனிக் குழு. வாரத்தில் சில மணி நேரம் வந்து, தங்களுக்கென்று உள்ள நல்ல அறையில் உட்கார்ந்து போவார்கள். இல்லத்திலேயே ராப்பகலாக இருந்தவர்கள் வேறு: 'பின்னன்ஃபாடர்', 'பின்னன்மூடர்'. உள்-அப்பா, உள்-அம்மா என்று அர்த்தம். அதைக் கேட்டதும் சிலிர்த்தது. நான் இருபத்தாறு வருஷம் பார்த்த வேலைக்கு இவ்வளவு சரியான பெயர் இருக்கிறதே! அறங்காவலர்களுக்குச் சுவர் சுவராக ஓவியம் இருக்கிறது. உள்-அம்மாக்களுக்குப் படம் இருக்கிறதா என்று இந்தப் பயணம் முழுக்கத் தேடிக்கொண்டே இருந்தேன்.

கிளம்பும்போது நூலகத்துக்குள் எட்டிப் பார்த்தோம். தரையில் சம்மணம் போட்டு ஒரு சின்னப் பெண் படப்புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரக் காலணியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள். ஒரு காலணி நிமிர்ந்து நின்றது, ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

இந்த ஊரைப் பற்றி இன்னொன்று. நம் பக்கத்துக் கடலோடு தொடர்புள்ள ஊர் இது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக 1636 முதல் 1645 வரை பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இருந்த அந்தோனி ஃபான் டீமன் க்யூலம்போர்க்கில் பிறந்தவர். அவர் பதவியில் இருந்தபோதுதான் 1638-இல் மட்டக்களப்புக் கோட்டை போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்குப் போனது. அடுத்த வருஷம் திருகோணமலை, அதற்கடுத்த வருஷம் காலிக் கோட்டை. ஆப்பிரிக்காவின் தென்முனையில் 1652-இல் கேப் குடியேற்றத்தை நிறுவிய யான் ஃபான் ரீபேக்கும் இந்த ஊர்தான்.

இல்லத்துப் பிள்ளைகளுக்கும் கம்பெனிக்கும் கொடுக்கல் வாங்கல் நிறைய. டச்சு இல்லங்களில் வளர்ந்த எத்தனையோ பையன்களைக் கம்பெனிக் கப்பல்களில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு நூற்றாண்டுகளில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் அந்தக் கப்பல்களில் ஆசியாவுக்குக் கிளம்பினார்கள். திரும்பி வந்தவர்கள் அதில் பாதிகூட இல்லை. 1688-இல் ரோட்டர்டாம் இல்லத்திலிருந்து எட்டுப் பெண்களைக் கேப்புக்குக் கப்பலேற்றினார்கள், அங்கே குடியேறிய விவசாயிகளுக்கு மனைவிகள் வேண்டும் என்று. போக விருப்பமா என்று கேட்டிருக்கலாம். 'போகிறேன்' என்று அவர்கள் சொல்லியும் இருக்கலாம். வேறு போக்கிடம் இல்லாத பிள்ளை சொல்லும் 'சரி'யை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அந்தச் 'சரி'யை உடனே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு வாரம் விட்டு மறுபடி கேட்கணும்.

மூன்றாம் நாள், வியாழன் – பியூரன்

மகளின் தோழி கார் ஓட்ட, பியூரன் போய்ச் சேர்ந்தோம். மண் கோட்டைக் கரை சுற்றிய குட்டி ஊர், கரைமேல் 1716-இல் கட்டிய காற்றாலை. காற்றாலை பார்த்தாயிற்று என்று மகளுக்குத் திருப்தி.

இங்கே இருப்பது அரச இல்லம். 1612-இல் மரியா ஃபான் நாஸாவ் நிறுவியது. டச்சு விடுதலைப் போரின் தலைவர் ஒரேஞ்ச் வில்லியமின் மகள். அப்பாவின் புகழ் பெரிது, பிள்ளையின் வாழ்க்கை வேறு. இரண்டு வயதில் அம்மாவை இழந்தவள். அண்ணன் பிலிப் வில்லியம் 1568-இல் லூவன் நகரில் படித்துக்கொண்டிருந்தபோது ஸ்பெயின்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். பல பத்தாண்டுகள் அவன் அங்கேதான். அப்பாவை 1584-இல் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பெண் ஐம்பதைத் தாண்டிய வயதில், அம்மா வழிச் சொந்த ஊரில் பெற்றோரில்லாப் பிள்ளைகளுக்கு ஒரு வீடு எழுப்பினாள். நான்கு வருஷத்தில், 1616-இல் இறந்துபோனாள்.

வாசலும் முற்றமும் அழகு. மழை பிடித்துக்கொண்டது, அதிகம் நிற்கவில்லை. காரில் திரும்பும்போது மரியாவைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன். எலிசபெத்துக்குப் பிள்ளை இல்லை, இவளுக்கோ பெற்றோர் இல்லை.

நான்காம் நாள், வெள்ளி – வீட்டில், மழை

நாள் முழுக்க மழை. மகள் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்தாள். நான் அவள் பழைய லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆம்ஸ்டர்டாமின் அந்தச் சிவப்புக் கறுப்பு இல்லம், நகரக் குடியுரிமை பெற்றவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும்தான். மற்றவர்கள்? பஞ்சம் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள், தெருவில் கண்டெடுத்த சிசுக்கள்? அவர்களுக்கு வேறு இல்லம், பிரின்சன்கிராக்ட் கால்வாய்க் கரையில். 1660-களில் கட்டியது. 1664-இல் மட்டும் ஆம்ஸ்டர்டாமில் கொள்ளைநோய்க்கு 24 ஆயிரத்துக்கும் மேல் பலி. அதைக் கேட்டாலே வீடு எவ்வளவு சீக்கிரம் நிறைந்திருக்கும் என்று தெரியும். ஒரே ஊரில் பிள்ளைகளுக்குள் இரண்டு வகை. அங்கே கட்டிலும் நெருக்கம், சாப்பாடும் மட்டு. 1820-களில் அரசாங்கம் செலவைக் குறைக்க, இப்படிப்பட்ட நகரப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் வடக்கே ஃபேன்ஹாய்ஸன் என்ற சதுப்புநிலக் குடியிருப்புக்கு அனுப்பியது. ஏழைகளுக்கு நிலமும் வேலையும் கொடுத்துத் திருத்துவதாகச் சொன்ன அறச் சங்கத்தின் குடியிருப்பு அது. பழகின தெரு, வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் சித்தி, எல்லாம் அறுந்துபோயிற்று. காலியான அந்தக் கட்டடத்தைப் பிறகு நீதிமன்றமாக மாற்றிக்கொண்டார்கள்.

ஆம்ஸ்டர்டாம் நகர ஆவணக் காப்பகத்தில் அந்த இல்லத்தின் காகிதங்கள் இருக்கின்றன. அதில் குழந்தையோடு சேர்த்துக் கிடைத்த சீட்டுகள். குழந்தையை விட்டுப்போன அம்மா, சட்டையில் குத்திவைத்தது. பிறந்த தேதி, ஞானஸ்நானம் ஆயிற்றா இல்லையா, இன்ன பெயர் வையுங்கள் என்று இரண்டு வரி. சிலர் ரிப்பன் வைத்தார்கள். சிலர் சீட்டுக்கட்டில் ஒரு சீட்டைக் கிழித்து ஒரு பாதியைப் பிள்ளையோடு விட்டார்கள். இன்னொரு பாதி தன்னிடம். என்றைக்காவது வந்து இரண்டையும் சேர்த்துக் காட்டினால் 'என் பிள்ளை' என்று நிரூபிக்கலாமே. பாதிச் சீட்டு இன்னும் காப்பகத்தில் இருக்கிறது என்றால், மறுபாதியோடு யாரும் வரவில்லை.

ஆனால் அதைத் தூக்கி எறியாமல் பதிவேட்டோடு சேர்த்து வைத்தார்கள், பாருங்கள். அந்த நெருக்கடி பிடித்த இல்லத்தில், எந்த எழுத்தரோ, எந்த உள்-அம்மாவோ.

நான் வைக்கவில்லை.

1998. எங்கள் இல்லத்தில் சிரங்கு பரவியிருந்தது. ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்கு, பாயிலிருந்து பாய்க்கு. புதுப் பிள்ளை வந்தால் போட்டிருந்த துணியைக் கழற்றி எரித்துவிட்டு, வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டி, இல்லத்துப் பாவாடை சட்டை போடுவது வழக்கம். அந்த வாரம் தேனிப் பக்கத்திலிருந்து ஏழு வயதுப் பெண் வந்தாள். கையில் ஒரு முழம் சேலைத் துணி. அம்மாவுடையது. கட்டிலில் கிடந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு போகும்போது யாரோ கிழித்துக் கொடுத்திருக்கிறார்கள். அவள் விடவில்லை. நான் பிடுங்கினேன். கத்தவில்லை, கடிக்கவில்லை, கையை மட்டும் மூடிமூடித் திறந்தாள். துணியை மற்றதோடு சேர்த்துக் கொல்லைப்புறம் நெருப்பில் போட்டேன். வெந்நீரில் முக்கி எடுத்திருந்தாலே போதும். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு மருந்து தடவி இரண்டு நாள் தூங்காதவள் நான், என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிக்கொண்டேன்.

பதினெட்டு நாள் அவள் யாரோடும் பேசவில்லை. பத்தொன்பதாவது நாள் உப்புக் கேட்டாள்.

அதற்கப்புறம்தான் டிரங்குப் பெட்டி. ஊர் ஊராகப் போய்க் கேட்டு, பழசும் புதுசுமாக நாற்பத்து மூன்று பெட்டி சேர்த்தோம். வருகிற பிள்ளை என்ன கொண்டுவந்தாலும், கொதிக்க வைப்போம், வெயிலில் போடுவோம், எரிக்கமாட்டோம் என்று சேர்க்கைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டினேன். அவளுக்கு முதல் பெட்டி. அதில் வைக்க அவளிடம் ஒன்றும் இல்லை.

மகளுக்கு இந்தக் கதை தெரியாது. சாயங்காலம் சொன்னேன். லேப்டாப்பை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அந்த அக்காதானே மதுரையில நர்ஸா இருக்காங்க?" என்றாள். "ஆமா, அவதான்" என்றேன்.

ஐந்தாம் நாள், சனி – ஹார்லெம்

ஃப்ரான்ஸ் ஹால்ஸ் அருங்காட்சியகம். 1609-இல் முதியோர் இல்லமாக எழுந்த கட்டடம். 1810-இலிருந்து 1908 வரை பிள்ளைகள் இல்லம், 1913-இலிருந்து அருங்காட்சியகம். முற்றத்தைச் சுற்றி அறைகள். ஃப்ரான்ஸ் ஹால்ஸ் எண்பது வயதைத் தாண்டிய பிறகு 1664-இல் வரைந்த முதியோர் இல்ல அறங்காவலர்களின் ஓவியங்களைப் பார்க்க உலகமே இங்கே வருகிறது. கறுப்பு உடையில் அவர்கள் உட்கார்ந்திருக்கும் விதத்தில் அத்தனை களைப்பு.

நான் வந்தது இன்னொரு ஓவியத்துக்கு. யான் த பிராய் 1663-இல் வரைந்தது. ஹார்லெமின் ஏழைப் பிள்ளைகள் இல்லத்தில் நடக்கும் மூன்று கருணைச் செயல்கள்: பசித்தவர்க்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர், துணியில்லாதவர்க்குத் துணி. ஒரே சட்டகத்துக்குள் பெரியவர்களும் பிள்ளைகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ரொட்டி கைமாறுகிறது, ஒரு பிள்ளை குடிக்கிறது, முன்னால் பிள்ளைகள் கந்தலைக் களைந்து இல்லத்து உடைக்கு மாறுகிறார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சேர்க்கை நாள் இப்படித்தான் இருக்கும். ஒரே சமயத்தில் ஊட்டணும், உடுத்தணும், இன்னொன்று காலைக் கட்டிக்கொண்டு நிற்கும். சோறு கொடுக்கிற பெரியவர்களைப் பார்த்தேன். உள்-அம்மா இவர்களில் யாராக இருப்பாள் என்று தேடினேன். வேலையில் மும்முரமாக இருக்கும் ஒரு முகத்தை நானே தேர்ந்தெடுத்துக்கொண்டேன். இந்த ஓவியம் வரைந்த வருஷமும் அடுத்த வருஷமும் ஹார்லெமில் கொள்ளைநோய். யான் த பிராயின் அப்பாவும், கூடப் பிறந்தவர்கள் பலரும் அதில் போய்விட்டார்கள். வளர்ந்த மனிதர்தான், ஆனாலும் அந்த வயதிலும் ஒருவர் 'வேஸ்' ஆகலாம்.

களைகிற அந்தத் துணியிலேயே என் கண் நின்றது.

படம் எடுத்துக்கொள்ளலாமா என்று காவலாளியிடம் மகள் கேட்டாள். ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம் என்றார். எடுத்து, மதுரைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கீழே என்ன எழுதுவது என்று ரொம்ப நேரம் தெரியவில்லை. கடைசியில், "இதைப் பார்த்ததும் உன் அம்மாவோட சேலைத் துணி ஞாபகம் வந்துச்சு கண்ணு. நான் அதை எரிச்சிருக்கக் கூடாது. இத்தனை வருஷம் உங்கிட்ட சொல்லல" என்று எழுதினேன்.

ஹார்லெம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நிற்கும்போது பதில் வந்தது. குரல் பதிவு. நைட் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள் போல, பின்னால் பஸ் ஹாரன் சத்தம். மகளும் நானும் ஆளுக்கு ஒரு காதைச் சாய்த்துக் கேட்டோம்.

"வார்டனம்மா, நல்லா இருக்கீங்களா? குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கோங்க. அந்தத் துணி ஞாபகம் இருக்கும்மா. ஆனா அது என்ன கலர்னு எனக்கு மறந்தே போச்சு. எத்தனையோ நாள் யோசிச்சுப் பாத்துட்டேன், வர மாட்டேங்குது. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

ஊதா, என்று எழுதினேன். ஓரத்தில் வெள்ளைக் கோடு, இரண்டு இழை.